பொது மென்பொருளுக்கு நிரல் அனுப்புவோர் கவனத்துக்கு: எமது நிலைப்பாடு

பலர் கூடி எழுதும் மென்பொருளில் யாருடைய நிரலை, எந்த நிபந்தனையில் சேர்ப்பது? வெல்லாவெளியில் இயங்கும் எமது தன்னார்வலர் குழு பட்டத்தையோ அனுபவத்தையோ கேட்பதில்லை. நிரல், அதை அனுப்பியவருக்கே விளங்கியிருக்க வேண்டும். எமது ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் கொடுத்து அதைச் சோதித்திருக்கவும் வேண்டும்.

பின்னது சிலருக்கு மிகையாகப் படுகிறது. எமது பகுதியான போரதீவுப்பற்று என்பதன் முதலெழுத்தைப் பாருங்கள். யூனிகோடில் 'போ'வை ஓகாரக் குறி ஒன்றைக் கொண்டும் சேமிக்கலாம். ஏகாரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். இவற்றை ஒரே வடிவத்துக்கு மாற்றும் வரி நிரலில் இல்லாவிட்டால், ஒரு விதமாகப் பதிந்த ஊரை மறுவிதமாகத் தேடுபவருக்குப் பதிவே இல்லை என்று வரும். கொக்கட்டிச்சோலைக்கும் இதே கதிதான். அதற்கும் கோவில்போரதீவுக்கும் இரண்டிரண்டு இடத்தில் ஆபத்து!

இத்தகைய மென்பொருள் நிவாரணப் பட்டியலுக்குப் பயன்படும்போது இதைச் சில்லறைப் பிழை என்று விட முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சகானா என்ற மென்பொருள், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவதற்கென்றே பிறந்தது. திறந்த மூலமாக விட்டதால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டியிலும் கைகொடுத்தது. எங்கோ எழுதிய நிரல் நாளை எம்மவரைத் தேடவும் வரும். ஆகவே, குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கும் திருத்தத்தை ஏற்கமாட்டோம். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் போடுகிறவர் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவார்?

மற்ற நிபந்தனைகள் வழக்கமானவை. ஒரு தடவையில் ஒரு மாற்றம். விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலம் தேவைப்படும் இடத்தில் நாங்கள் பெயர்த்துச் சேர்ப்போம். இந்த நிரலைத் தரும் உரிமை தமக்குண்டு என்று ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் பெயரிட்டு உறுதி சொல்லும் முறையை லினக்ஸ் 2004இல் கொண்டுவந்தது. நாமும் அதையே கேட்கிறோம். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததென்றால் சொல்லிவிடுங்கள், தடையில்லை. ஆனால் "இந்த வரி எதற்கு?" என்று கேட்டால் பதில் உங்களிடமிருந்து வரவேண்டும். நிராகரிப்பவரும் காரணத்தை எழுதியே நிராகரிக்க வேண்டும், மௌனம் பதிலாகாது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பில்லை. சோதனைக்கென்று உண்மையான பயனாளியின் பெயரையோ அடையாள அட்டை இலக்கத்தையோ சேர்க்கக் கூடாது. பிறகு அழித்தாலும், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியின் பழைய பதிவுகளில் அது கிடக்கும். பிரதி எடுத்தவர்களின் கணினிகளிலும் கிடக்கும். அப்படி வரும் திருத்தம் எவ்வளவு திறமாயிருந்தாலும் இணைக்கமாட்டோம்.