உடலும் உழைப்பும்: குப்பைப் பைக்குள் ஊசி



பூனாகலை போன்ற தோட்டங்களில் கொழுந்து வேலை போதாமலும், யுத்தத்தில் துணையை இழந்து வடக்கு கிழக்கிலும், டவுனில் வீட்டுக் குப்பை அள்ளும் நாட்கூலி வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். இம்மாதப் பக்கம் அவர்களுக்கு.

இந்த வேலையில் முதலில் அடிபடுவது கை. பொலிதீன் பையைத் தூக்கி உழவு இயந்திரப் பெட்டிக்குள் போடும்போது உடைந்த போத்தலும் பிளேடும் குத்தும். இப்போது வீட்டிலேயே இன்சுலின் ஏற்றிக்கொள்பவர்கள் அதிகம்; அந்த ஊசியும் சோற்றுக் கழிவோடு வந்துவிடுகிறது. மெல்லிய ரப்பர் கையுறை ஊசியைத் தடுக்காது. (கிடைப்பது அதுதான், அதுவும் கேட்டுக் கேட்டு!)

ஊசி குத்தினால் காயத்தைப் பிதுக்கவோ வாயில் வைத்து உறிஞ்சவோ வேண்டாம். ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்றால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். ஈரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. அதை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. ஏற்புவலி ஊசி கர்ப்ப காலத்தில் போட்டிருப்பீர்கள். அந்த அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலுக்குப் பயப்பட வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்திலிருந்து கிருமி, காலில் உள்ள வெடிப்பு வழியாக உள்ளே போகும். காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடாதீர்கள். சிறுநீர் குறைந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். வைத்தியரிடம் "நான் குப்பை அள்ளுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பலர் வெட்கத்தில் "கூலி வேலை" என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். வைத்தியரும் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணிவிடலாம். முன்கூட்டியே எடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

வன்னியில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று: குப்பையில் இன்னதென்று தெரியாத இரும்புப் பொருள் கிடந்தால் தொடாமல் விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள். பழைய இரும்புக்குக் கிடைக்கும் காசை நினைத்து எடுக்க வேண்டாம்.

குப்பையைக் கொடுக்கும் வீட்டார் ஊசியை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, கிளினிக்குக்குப் போகும்போது கொடுக்கலாம். கண்ணாடித் துண்டைப் பத்திரிகைத் தாளில் பல சுற்றுச் சுற்றித் தனியாகக் கையில் கொடுங்கள்.

வேலையில் காயப்படுபவருக்கு வேலை கொடுப்பவர் நட்டஈடு வழங்க வேண்டும் என்கிறது 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அதற்கு எழுத்தில் சான்று வேண்டும். காயம் சிறிதானாலும் மேற்பார்வையாளரிடம் அன்றே சொல்லிப் பதியச் செய்யுங்கள். வைத்தியசாலைத் துண்டிலும் "வேலையின்போது ஏற்பட்டது" என்று எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.