பெயர்ச்சொல் மிஞ்சும், வினைச்சொல் மறையும்: பழைய காரும் தங்கவயலும்

பழைய காரை மீட்டெடுப்பது பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பாகங்களைப் பற்றியே பேசுகிறோம். டேங்க், பெட்ரோல் பம்பு, ஃபில்டர், கார்புரேட்டர் ஆகியவை சீரானால் அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ மீண்டும் ஓடும் என்று நம்புகிறோம். ஓடும்தான். ஆனால் அது சரியாக ஓடுகிறதா, இல்லையெனில் குறை எங்கே என்று சொல்ல ஒரு மொழி வேண்டும். அம்மொழி தேய்ந்துவருகிறது. அதைப் பதிவுசெய்வது மொழியியல் துறைகளின் கடமை என்பதே என் வாதம். கோலார் தங்கவயலை முன்வைத்து இதைச் சொல்கிறேன்.

தங்கவயலின் பட்டறைத் தமிழைக் கூர்ந்து கேட்டால் ஓர் ஒழுங்கு புலப்படும். பெயர்ச்சொற்கள் ஏறக்குறைய எல்லாமே கடன்பெற்றவை: ஜெட், ஃப்ளோட், நீடில், டயாப்ரம், சோக். வினைகளோ பெரும்பாலும் தமிழ். "வண்டி திணறுது" என்றால், ஆக்சிலேட்டரை அழுத்திய கணத்தில் பெட்ரோல் உடன்வரவில்லை; கார்புரேட்டரிலுள்ள சிறு பம்பின் டயாப்ரம் இறுகியிருக்கலாம். "பெட்ரோல் குடிக்குது" என்றால், நீடில் வால்வு சரியாக அடைக்காமல் ஃப்ளோட் அறையில் மட்டம் உயர்ந்திருக்கலாம். "இழுவை இல்லை" என்றால், மெயின் ஜெட்டில் அடைப்போ பம்பின் அழுத்தக் குறைவோ இருக்கலாம். "ஏர் பிடிச்சிருக்கு" என்றால், டேங்குக்கும் பம்புக்கும் இடையே எங்கோ ஒரு குழாய் வெடித்துக் காற்றை உறிஞ்சுகிறது. இவற்றை வெறும் உருவகங்களாகக் கொள்ள இயலாது. ஒவ்வொரு வினையும் ஒரு நோயறிதல். நம் கலைச்சொல் அகராதிகளோ பெயர்ச்சொற்களையே தொகுக்கின்றன. கார்புரேட்டருக்குத் தமிழ்ப்பெயர் ஆக்க உழைக்கிறோம். அது திணறுவதற்கும் குடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கும் எழுதிவைப்பதில்லை.

இந்த வேறுபாடு இன்று முன்னெப்போதையும்விட முக்கியமாகிறது. 2025இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவலாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீண்டநாள் நிற்கும் வண்டியில் நீர் மிகுந்தால், நீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். பல ஆண்டுப் படிவுகளைக் கரைத்து ஜெட்டுக்குக் கொண்டுசேர்க்கும். அக்காலத்து ரப்பர் குழாய்களை உப்பவோ வெடிக்கவோ செய்யும். தூய பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கே போதும். ஆகவே பழைய ஜெட்டில் புதிய எரிபொருளை விட்டால் கலவையில் காற்று மிகுந்து இன்ஜின் சூடேறும். குழாயையும் டயாப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வைட்டானில் மாற்றலாம்; ஜெட்டின் துளையைச் சற்றே பெரிதாக்கலாம். எவ்வளவு? தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையில் டியூன் செய்த வண்டிக்கு இங்கே காற்றின் அடர்த்தி குறைவதால் பெட்ரோல் சற்று மிகும். இரண்டு விளைவுகளும் எதிரெதிர்த் திசையில் இயங்கும்போது இறுதி முடிவைச் செவியும் அதற்குரிய வினைச்சொல்லும் சேர்ந்தே எடுக்கின்றன.

தங்கவயலுக்கு இந்த இழப்பு புதிதன்று. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கப்பணி 2001 பிப்ரவரி 28இல் நின்றது. 120 ஆண்டுகள் நிலத்தின் ஆழத்தில் தமிழ் பேசி உழைத்தார்கள். சாம்பியன் ரீஃப், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று பெயர்கள் இன்றும் ரயில்நிலையப் பலகையிலும் முகவரியிலும் நிற்கின்றன. பாறையின் ஒலியைக் கேட்டு ஆபத்தை உணர்ந்தவர்களின் வினைச்சொற்களைப் புழங்க மட்டும் இன்று வேலையே இல்லை. வேலை நின்றால் முதலில் சாவது வினைச்சொல்.

கார்புரேட்டரும் அவ்வழியே செல்கிறது. 2020 ஏப்ரலில் பாரத் 6 மாசு விதிகள் வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளிலும் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. இளைய மெக்கானிக் கற்பது ஸ்கேனர் காட்டும் பிழைக்குறியை. அதில் குறையொன்றுமில்லை; ஆயினும் பழைய வண்டிக்கு ஸ்கேனரைச் செருக இடமில்லை.

"எல்லாம் யூட்யூபில் இருக்கிறதே" என்பார்கள். காணொளி கையைக் காட்டும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் கை மட்டும் சொல்லாது. "நவீன இன்ஜெக்ஷன் பொருத்திவிடலாமே" என்பாரும் உண்டு. 2021ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதித்திருத்தம் 50 ஆண்டு கடந்த, மூலவடிவம் பேணப்பட்ட வண்டிகளையே விண்டேஜ் என ஏற்கிறது. மரபு என்று சட்டம் ஏற்பதை, அதைப் பேணும் அறிவோடு சேர்த்துத்தான் காக்க முடியும்.

எனவே கல்விப்புலத்தாரிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவதாக, தொழிற்சொல் தொகுப்பில் வினையைத் தலைச்சொல்லாகக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அறிகுறி, காரணம், மருந்து மூன்றையும் தாருங்கள். இரண்டாவதாக, நேர்காணலை நாற்காலியில் அமர்த்தி நடத்தாமல், பானெட் திறந்து இன்ஜின் ஓடும்போது ஒலியோடு பதிவுசெய்யுங்கள். அந்த ஒலியில்லாமல் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. மூன்றாவதாக, சொல்லைத் தந்தவரைத் "தகவலாளி" என்று அடிக்குறிப்பில் ஒதுக்காதீர்கள். அவர் இசைந்தால் ஆசிரியர் வரிசையில் பெயரிடுங்கள். அவர் பட்டறையில் இழக்கும் அரைநாள் கூலியை ஆய்வு நிதியிலிருந்து கொடுங்கள். சுரங்கத்தின் சொற்களுக்கு நாம் காலந்தாழ்த்திவிட்டோம். பட்டறையின் கதவு இன்னும் திறந்திருக்கிறது. அங்கே பேசுவோர்க்கோ வயதாகிறது.