வீங்கிய காலுக்குத் தண்ணீரா பகை?



பள்ளி முடியும் வேளையில் ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "கால் வீங்கிப்போச்சு டீச்சர், காலையில போட்ட சப்பாத்து இப்ப ஏறல." உடனே ஓர் அறிவுரை வரும்: "தண்ணியக் குறைச்சுக் குடிங்க." அண்மையில் ஒருவர், தம் தாயாருக்கு மருத்துவர் கொடுத்திருந்த நீர் மாத்திரையில் பாதியை விழுங்கியதாகக் கூறினார். அதைக் கேட்டபின் எழுதாமல் இருக்க இயலவில்லை.

நீரை உடலில் பிடித்து வைப்பதில் உப்புக்குப் பெரும் பங்குண்டு. உப்பிலுள்ள சோடியம் மிகும்போது, அதற்கு ஈடாகச் சிறுநீரகம் நீரையும் நிறுத்திக்கொள்கிறது. ஆகவே நலமாய் உள்ளவர் குறைக்க வேண்டியது தண்ணீரை அன்று, உப்பை. தாகத்தை அடக்கினால் தலைவலியும் நீர்க்கடுப்பும்தான் மிஞ்சும். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் தம் மருத்துவர் குறித்த அளவின்படியே நீர் அருந்த வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. மலேசியாவில் 2017-2018இல் நடந்த சமூக உப்பு ஆய்விலோ சராசரி 7.9 கிராம்! மீ கோரேங், கிச்சாப், நெத்திலிச் சம்பல், கருவாடு, ஊறுகாய் என்று நாம் அறியாமலே சேரும் உப்பு இது. உடனடி மீயின் சுவைத்தூளில் பாதியை ஒதுக்குவதே நல்ல தொடக்கம்.

இன்னொரு காரணம் நம் தொழில். அசையாமல் நின்றால் குருதி காலில் தேங்கும். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதே அது மேல்நோக்கித் தள்ளப்படும். எனவே வகுப்பில் நடந்துகொண்டே கற்பிக்கலாம். நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்கலாம். வீடு திரும்பியதும் தலையணைகளை அடுக்கி, கால்களை நெஞ்சைவிட உயரமாக வைத்து 15 நிமிடம் படுக்கலாம்.

நீர் மாத்திரை விளையாட்டன்று. அவற்றுட் சில பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும். அது மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். மேலும், இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின் போன்ற மருந்தாலும் கணுக்கால் வீங்கக்கூடும். அதைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுவதே முறை.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், கருவுற்றவருக்குத் திடீரென முகமோ கையோ வீங்கினாலும், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பக்கத்து மாணவனின் விடையைப் பார்த்து எழுதாதே என்று நாள்தோறும் கண்டிக்கிறோம். அடுத்தவர் மருந்தை நாம் விழுங்கலாமா? சிந்திப்போம்.