குடும்பத்துக்கே உள்ளது, ஆனா சாபம் இல்லை!

நம்ம மாவட்டத்துல ஒருத்தருக்கு சுகர் வந்துட்டா, கேட்கிறவங்க சொல்ற முதல் வார்த்தை இதுதான்: "அது அவங்க குடும்பத்துக்கே உள்ளதாக்கும்." நாகர்கோவில்ல இருந்து களியக்காவிளை வரைக்கும் இந்த டயலாக் மாறாது. பிரஷர், ஹார்ட் அட்டாக், கேன்சர் எது வந்தாலும் இதேதான்.

இதைக் கேட்டு வளரும் பிள்ளைகள் இரண்டு விதமாக முடிவெடுக்கிறார்கள். ஒரு கூட்டம், "எப்படியும் வரப்போவுது, பின்ன எதுக்கு வாயைக் கட்டணும்?" என்று ராத்திரி 11 மணிக்குப் பரோட்டா கடையில் உட்காருகிறது. இன்னொரு கூட்டம், ஏதோ ஒரு ஜெபக்கூட்டத்தில் 'தலைமுறை சாபம்' என்று கேட்டுவிட்டு, பாட்டா செய்த பாவத்துக்கு நாம் அனுபவிக்கிறோம் என்று பயப்படுகிறது. என்னைக் கேட்டால் இரண்டுமே தப்பு. அறிவியல்படியும் தப்பு, பைபிள்படியும் தப்பு.

2011 கணக்கெடுப்புப்படி நம்ம மாவட்டத்தில் கிட்டத்தட்ட பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். அதனால் பைபிளில் இருந்தே ஆரம்பிக்கிறேன். மற்ற நண்பர்கள் 'சாபம்' என்கிற இடத்தில் 'தலையெழுத்து' என்று போட்டு வாசிச்சுக்கோங்க, விஷயம் ஒன்றுதான்.

சாபம் என்று பேசுகிறவர்கள் காட்டுவது யாத்திராகமம் 20. முன்னோரின் குற்றம் மூன்றாம், நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும் என்று அங்கே வருகிறது. ஆனால் அது வேறு தெய்வங்களை வணங்குவது பற்றிய கட்டளை. அங்கே சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை. அதே இடத்தில் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்றும் இருக்கிறது. அந்தப் பின்பாதி மேடையில் அபூர்வமாகத்தான் வரும்.

அடுத்து எசேக்கியேல் 18. அப்பன் புளித்த திராட்சை தின்றால் மகனுக்குப் பல் கூசும் என்கிற மாதிரி இஸ்ரவேலர் நடுவே ஒரு பழமொழி ஓடிக்கொண்டிருந்தது. இனி அதைச் சொல்லக்கூடாது என்று கடவுளே தடுக்கிறார். யோவான் 9-ல் பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைப் பார்த்து, பாவம் செய்தது இவரா, இவரைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவருமே இல்லை என்பதுதான் இயேசுவின் பதில். அதோடு நிற்காமல் அவரைக் குணமாக்கும் வேலையைப் பார்க்கிறார்.

சரி, சாபம் இல்லை. அப்போ ஜீன்? அது உண்மைதான். டி.சி.எஃப்.7எல்2 என்று ஒரு ஜீன் உண்டு. அதில் ஒரு குறிப்பிட்ட மாறுபாடு இருந்தால், ஒரு பிரதிக்குச் சுமார் 1.4 மடங்கு டைப் 2 சுகர் வரும் வாய்ப்பு கூடும். சென்னையில் நடந்த ஆய்விலும் இந்தத் தொடர்பு தெரிந்தது. இப்படிச் சின்னச் சின்னதாக வாய்ப்பைக் கூட்டும் ஜீன்கள் நிறைய. ஆனால் வாய்ப்பு கூடுவது வேறு, கட்டாயம் வரும் என்பது வேறு. ப்ராபபிளிட்டி பேப்பர் எழுதின நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

நம்பராகவே பார்ப்போம். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் 'இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்' என்று ஒரு எளிய கணக்கை வெளியிட்டார்கள். மொத்தம் 100. வயதுக்கு அதிகபட்சம் 30, உடலுழைப்பு இல்லாததற்கு 30, இடுப்புச் சுற்றளவுக்கு 20, குடும்பத்தில் இருப்பதற்கு 20. அறுபதும் அதற்கு மேலும் என்றால் அபாயம் அதிகம், முப்பதுக்குக் கீழே என்றால் குறைவு.

இப்போ 20 வயதுப் பையன் ஒருத்தனை எடுத்துக்கோங்க. அப்பா, அம்மா இருவருக்கும் சுகர். குடும்பத்துக்கு 20, வயதுக்குப் பூஜ்யம். அவன் தினமும் நல்லா விளையாடி, இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மொத்தமே 20-தான். அதே பையன் எந்த அசைவும் இல்லாமல், இடுப்பு 100 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டால் 70. ரெண்டு கணக்கிலும் அதே அப்பா அம்மாதான். இது ரத்தப் பரிசோதனைக்குப் பதில் இல்லை, யார் முதலில் பரிசோதிக்க வேண்டும் என்று காட்டும் அளவுகோல். ஆனாலும் எந்தப் பகுதி நம் கையில் இருக்கிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

நம்ம பாட்டாமாரை யோசிச்சுப் பாருங்க. பனை ஏறினார்கள், வயலில் நின்றார்கள், விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போனார்கள், கட்டுமரம் தள்ளினார்கள். மத்தியானம் மரச்சீனியும் மீன்கறியும் வயிறு நிறையத் தின்றாலும் சாயங்காலத்துக்குள் செரித்துவிடும். இரண்டு தலைமுறையில் ஜீன் பெரிசா மாறிவிடாது. மாறினது நாம உட்காரும் நேரம். காலேஜ் பஸ், கிளாஸ், லேப், அப்புறம் கட்டிலில் போன். தட்டில் சோறு மட்டும் பாட்டா அளவுக்கே விழுது.

இங்கே சபைக்கும் ஒரு பங்கு இருக்கு. உடல் தேவனுடைய ஆலயம் என்னும் 1 கொரிந்தியர் 6-ஐ வாலிபர் கூடுகையில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! எப்பவும் சிகரெட்டுக்கும் குடிக்கும் எதிராகத்தான். அசனப் பந்தியில் மூணாவது தடவை சோறு வாங்கும்போது அந்த வசனத்தை யாரும் எடுப்பதில்லை.

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் உண்டு. 'லைஃப்ஸ்டைல்' என்ற வார்த்தையே புது சாபமாக மாறிவிடக்கூடாது. "வாயைக் கட்டாம தின்னாரு, அதான் அனுபவிக்காரு" என்று படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துச் சொல்கிறோமே, அதுவும் அந்தச் சீடர்கள் கேட்ட கேள்விதான். சுகரின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து இந்தியாவில் நடந்த ஒரு ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. மூன்று வருடத்தில், வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 100-க்கு 55 பேருக்கு சுகர் வந்தது. நடையையும் சாப்பாட்டையும் மாற்றியவர்களில் சுமார் 39 பேருக்கு வந்தது. நடந்தால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த 39 பேரும் முயற்சி செய்தவர்கள்தான். அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வரும் டைப் 1 சுகருக்கு மிட்டாயும் காரணம் இல்லை, அம்மா வளர்ப்பும் காரணம் இல்லை. லூக்கா 13-ல் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்பது இதனால்தான்.

இன்னொன்று. ஜெபம் பண்ணியாச்சு, இனி மாத்திரை வேண்டாம் என்று நிறுத்துவது விசுவாசம் ஆகாது. டைப் 1 உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகலாம். இந்த மண்ணின் கிறிஸ்தவம் அப்படிப்பட்டதும் இல்லை. லண்டன் மிஷனரி சொசைட்டியின் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-லேயே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922-ல் எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தப் பக்கம் வந்த டாக்டர் ஹோவர்டு சோமர்வெல், நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, லண்டனில் இருந்த எதிர்காலத்தை விட்டு இங்கேயே வேலைக்கு வந்தார். ஜெபித்துவிட்டுத்தான் கத்தியைக் கையில் எடுத்தார்கள்.

சாபம் என்று நினைப்பதால் வரும் பெரிய நஷ்டம் எது தெரியுமா? மறைப்பது. கல்யாண ஆலோசனை வரும்போது சித்தப்பாவின் சுகரும் மாமியின் மார்பகக் கேன்சரும் வீட்டை விட்டு வெளியே போகாது. கடைசியில் சொந்தப் பிள்ளைக்கே தெரியாமல் போய்விடுகிறது. டாக்டர் "வீட்ல யாருக்காவது இருக்கா?" என்று கேட்கும்போது நாம முழிக்கிறோம். சீக்கிரம் பரிசோதித்திருந்தால் கையாண்டிருக்கக்கூடிய வியாதி, முற்றின பிறகு தெரிய வருது.

அதனால் அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்க. தாத்தா, பாட்டி, மாமா, அத்தை, சித்தப்பா, பெரியம்மா யாருக்கு என்ன வியாதி, எந்த வயதில் வந்தது? ஒரு பேப்பரில் எழுதி வீட்டு மெடிக்கல் ஃபைலில் வையுங்க. உங்க இடுப்பை இஞ்ச் டேப்பால் அளந்து பாருங்க. பெற்றோரில் ஒருவருக்கு சுகர் இருந்தால் நீங்களும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்க. தினமும் அரை மணி நேரம் நடங்க, அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அம்மா "பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டு"ன்னு பயந்தா, ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் கேட்கிறேன்னு சொல்லுங்க.