கருவி வாயில் உள்ளவரை கேப்னோகிராஃப்: எங்கள் நிலைப்பாடு

லாரிஞ்சியல் மாஸ்க், ஐ-ஜெல் போன்ற சுவாசப்பாதைக் கருவிகள் நோயாளியின் வாயிலிருந்து எடுக்கப்படும்வரை, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபைக் கழற்றக் கூடாது என்பதே மயக்க மருத்துவர்களாகிய எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. அறுவை அரங்கு, மீட்பு அறை, இரண்டுக்கும் இடைப்பட்ட வழி என எல்லா இடத்துக்கும் இது பொருந்தும்.

ஆர்ச்சி பிரெய்ன் 1981-இல் உருவாக்கிய லாரிஞ்சியல் மாஸ்க் மயக்கவியலின் போக்கையே மாற்றியது. ஆனால் அது குரல்வளைக்கு மேலேயே உட்காருகிறது, மூச்சுக்குழாய்க்குள் போவதில்லை. குரல்நாண்கள் இறுகி மூடினாலோ, குரல்வளைமூடி கீழே மடங்கினாலோ, கருவி இருந்தும் காற்று போகாது. பிரிட்டனில் 2011-இல் வெளியான நான்காவது தேசியத் தணிக்கை, ஆண்டுக்குச் சுமார் 29 லட்சம் பொது மயக்கங்களில் 56 சதவீதம் இவ்வகைக் கருவிகளைக் கொண்டே நடப்பதாக மதிப்பிட்டது. மயக்கத்தின்போது நேர்ந்த கடுமையான சுவாசப்பாதைச் சிக்கல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எல்லா வகைக் கருவிகளையும் சேர்த்து, மயக்கம் தெளியும்போதோ மீட்பு அறையிலோ நேர்ந்தன. அவற்றுக்குப் பொதுவான காரணம் அடைப்பு. பல இடங்களில் கண்காணிப்பைக் கழற்றுவதும் அதே கட்டத்தில்தான்.

மயக்கம் தெளியும் நோயாளி கருவியின் குழாயைக் கடித்துவிட்டால், மூச்சை இழுக்க இழுக்க நெஞ்சுக்குள் எதிர்மறை அழுத்தம் கூடுகிறது. சில நிமிடங்களிலேயே நுரையீரலில் நீர் கோத்து, இளஞ்சிவப்பு நுரை வெளிவரலாம். பற்களுக்கிடையே துணிச்சுருள் வைப்பதும், கடித்துவிட்டால் கருவியைப் பிடித்து இழுக்காமல் காற்றுப்பை இருந்தால் அதைச் சுருக்கி, காற்று பக்கவாட்டில் போக வழிவிடுவதும் இதைத் தடுக்க உதவும். ஆனால் அடைப்பை உடனே கண்டால்தான் இதற்கெல்லாம் நேரம் கிடைக்கும்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் போதாதா என்று கேட்கலாம். ஆக்சிஜன் நிறைந்த நுரையீரலில் மூச்சு நின்று சில நிமிடங்கள் ஆன பிறகும் அது காட்டும் எண் இறங்காமல் இருக்கக்கூடும். கேப்னோகிராஃபின் அலையோ அடுத்த மூச்சிலேயே தட்டையாகிவிடும். நெஞ்சு அசைவதைக் கண்ணால் பார்த்தால் போதும் என்பதும் சரியல்ல: அடைப்பின்போதும் வயிறு உப்பும், நெஞ்சு உள்வாங்கும், காற்று மட்டும் போகாது. இத்தகைய விபத்துகள் அரிது என்பது உண்மை. ஆனால் நேரும்போது மூளையும் உயிரும் போகின்றன. செலவு என்னும் தயக்கம் சிறிய மருத்துவமனைகளுக்கு நியாயமானது. கேப்னோகிராஃப் ஒன்றுதான் உண்டென்றால் அது நோயாளியுடனேயே செல்லட்டும், அதுவும் இயலாதெனில் மாஸ்க்கை எடுத்த பிறகே அவரை அரங்கைவிட்டு நகர்த்தட்டும். மருத்துவமனை நிர்வாகங்கள் இதை எழுத்து விதியாக்கி, மீட்பு அறைச் செவிலியர்களுக்கு அலையைப் படிக்கப் பயிற்சி தர வேண்டும் எனக் கோருகிறோம்.