குட்டி இங்கிலாந்தும் எங்கட வீட்டுப் பிள்ளையும்

இந்த வருஷம் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போவதென்று முடிவானதும், மகள் ஒரு பட்டியல் போட்டாள். யாழ்ப்பாணம், திருகோணமலை, கடைசியில் நுவரெலியா.

"அம்மா, அது லிட்டில் இங்கிலாந்தாம். எங்கட வெஸ்ட்மவுண்ட் மாதிரியே இருக்கு" என்று போனில் படம் காட்டினாள். சிவப்புத் தபால் கந்தோர், ஏரி, கோல்ஃப் மைதானம். படங்களில் ஆட்களைக் காணவில்லை.

நான் நுவரெலியா பார்த்தது எட்டு வயதில், சித்திரை விடுமுறையில். வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர்தான் ஞாபகம். மொன்றியல் வந்து முதல் பனிக்காலத்தில் அதைத்தான் நினைத்தேன்.

அந்தக் குளிருக்காகத்தான் வெள்ளைக்காரரும் அங்கே ஏறினார்கள். ஊர் இருப்பது 1,868 மீற்றர் உயரத்தில். 1820களின் கடைசியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே மாளிகை கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கொண்டுவந்து பண்ணை போட்டார். 1870களில் ஆளுநர் கிரகெரியின் பேரில் ஏரி வந்தது. 1876இல் ஹில் கிளப். எங்கள் மவுண்ட் ரோயல் பூங்கா திறந்ததும் அதே வருஷந்தான்.

இமயமலையில் சிம்லா, டார்ஜிலிங், தெற்கே ஊட்டி எல்லாம் இதே அச்சில் வார்த்த ஊர்கள். தேவாலயம், கிளப், துரைமார் உலாத்த வளைந்து போகும் பாதை. ஆனால் துரைமார் தேயிலை பறித்ததில்லை. டார்ஜிலிங்கில் பறித்தவர்கள் பெரும்பாலும் நேபாளத்திலிருந்து வந்தவர்கள். நுவரெலியாவைச் சுற்றிப் பறித்தவர்கள் திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலிப் பக்கத்து ஏழைகள்.

முதலில் கோப்பிக்காக வந்தார்கள். கங்காணி சொன்னதை நம்பி, தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் கோப்பியில் இலைநோய் வந்து, அது அழிந்த பிறகு அதே மலைகளில் அதே கைகள் தேயிலை நட்டன. அவர்களுக்குக் கிடைத்தது லயன் காம்பராக்கள். 2023இல், வந்து 200 வருஷமானதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பாதையில் திரும்பவும் நடந்தார்கள்.

1947 தேர்தலில் நுவரெலியாத் தொகுதி அனுப்பிய உறுப்பினர் தொண்டமான். அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்து ஏறக்குறைய 7 லட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. வாக்கும் போனது. தொண்டமான் மறுபடி வாக்குப் பெற்று வென்றது 1977இல்.

இடையில் 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. அந்தச் சனத்தை ஒருவரும் கேட்கவில்லை. கப்பலேறியவர்களில் பலர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் போய் மறுபடி தேயிலைதான் பறித்தார்கள். இங்கே 'இந்தியாக்காரர்' என்று சொல்லப்பட்டவர்களுக்கு அங்கே 'சிலோன்காரர்' என்று பேர். இலங்கையில் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இதையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லாம் வெள்ளைக்காரன் செய்தது, கொழும்பு செய்தது என்கிற மட்டும் சொல்வது சுகமாகத்தான் இருந்தது. பிறகு அவள் கேட்டாள்: "அம்மா, உங்களுக்கு அவையளில ஆரையும் தெரியுமா?"

தெரியும். எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டில் தோட்டத்துப் பிள்ளை ஒன்று நின்றது. எனக்குப் பத்து வயது, அவளுக்கும் அவ்வளவுதான் இருக்கும். நான் பள்ளிக்கு வெளிக்கிடும்போது அவள் முற்றம் கூட்டுவாள். எங்களோடு ஒரே வீட்டில் சாப்பிட்டாள், ஆனால் எங்களோடு இருந்து சாப்பிட்டதில்லை. அம்மா வைத்த பேரால்தான் கூப்பிட்டோம். அவளுடைய சொந்தப் பேரை நான் ஒருநாளும் கேட்கவில்லை. ஒருநாள் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதையில்லை இது. வாசிக்கிற உங்களில் சிலருக்கும் அப்படி ஒரு முகம் ஞாபகம் வரலாம். இந்த மாகாணத்தில் ஒவ்வொரு கார் இலக்கத் தகட்டிலும் 'நான் நினைவில் வைத்திருக்கிறேன்' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. நாங்களும் எங்கள் இழப்புகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்க்கிறோம். அந்தக் கணக்கில் முற்றம் கூட்டிய பிள்ளையை நான் சேர்க்கவில்லை.

அன்றிரவு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவவுக்கு இப்ப 84 வயது. கனநேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "நானுஓயாப் பக்கத்துத் தோட்டமெண்டு ஞாபகம், பிள்ளை. பேர் வருதில்லை" என்றா.

நுவரெலியாவுக்குப் போகத்தான் போகிறோம். ஏரியில் படகும் விடுவோம், தபால் கந்தோருக்கு முன்னால் படமும் எடுப்போம். ஆனால் முதல்நாள் நானுஓயாவில் இறங்குவதென்று மகள் பட்டியலைத் திருத்தியிருக்கிறாள். பேர் தெரியாமல் எப்படித் தேடுவது என்று கேட்டேன்.

"தேடிப் பாப்பம் அம்மா" என்றாள்.