பாலீஷ் செலவைக் குறைத்தால் லாபமா?

பொன்னேரி தாண்டி கும்மிடிப்பூண்டி போகும் காலை ரயிலில் சிப்காட் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. அங்கே மட்டுமல்ல, எந்த ஊர் தொழிற்பேட்டையிலும் பளபளக்கும் இரும்புச் சாமான்களில் பல, ஒரு பிளேட்டிங் தொட்டியில் முங்கி எழுந்தவைதான்.

இந்தத் தொழிலில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: வேலை சீக்கிரம் முடிய ஆம்பியரை ஏற்று! பாதி உண்மைதான். மின்சாரம் வீணாகாவிட்டால் ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரத்தில் சுமார் 1.1 கிராம் நிக்கலை ஒட்ட வைக்கும். ஆனால் ஒட்ட வேண்டிய அயனி சாமான் மேல் வந்து சேர வேண்டாமா? சாமானை ஒட்டினாற்போல் அசையாத மெல்லிய திரவப் படலம் ஒன்று இருக்கிறது. கலக்காத தொட்டியில் அது 0.1, 0.2 மில்லிமீட்டர் இருக்கும். அயனிகள் அதற்குள் மெதுவாகப் பரவித்தான் வர முடியும். அந்த வேகத்துக்கு மேல் மின்சாரம் கொடுத்தால் மிச்சம் ஹைட்ரஜன் குமிழாகப் போகும், பூச்சு கருகும்.

சொரசொரப்பு வேலையைக் காட்டுவது இங்கேதான். மேடுபள்ளம் இருந்தால் பரப்பு அதிகம், எனவே அயனி வரத்தும் அதிகம் என்று தோன்றும். அப்படி இல்லை. மேடுகள் படலத்தை விட மிகச் சிறிதாக இருந்தால் மொத்த வரத்து பெரிதாக மாறாது, பங்கீடுதான் மாறும். மேட்டின் நுனி படலத்துக்கு வெளியே உள்ள திரவத்துக்குக் கிட்டே இருப்பதால் அதற்குக் கூடுதல் உலோகம். வாங்கி வளரும், வளர்ந்து இன்னும் வாங்கும். பள்ளம் பட்டினி! (இருப்பவனுக்கே மேலும் சேரும் கதைதான்.) வேகமாகக் கலக்கினால் படலம் மெலியும். அப்போது மேடுகள் படலத்தின் தடிமனை எட்டி, வரத்தும் நிஜமாகவே கூடும். செம்புத்தூள் தயாரிப்பவர்களுக்கு முரட்டுப் படிவு வேண்டும். பைக் சைலன்சருக்கு வேண்டாமே.

லெவலர் கெமிக்கல் இருக்கிறதே என்பார்கள். அதுவும் இதே கணக்கில்தான் ஓடுகிறது: நுனிக்கு அதிகமாகப் போய்ச் சேர்ந்து அங்கே படிவதைத் தடுக்கிறது. ஆழமான கீறலை மறைக்க அதனாலும் முடியாது.

ஆகவே கொட்டேஷனில் ரெண்டு ரூபாய் குறைக்க பஃபிங்கில் கை வைப்பது தப்புக் கணக்கு. ரிஜெக்ட் ஆன சாமானை உரித்து மறுபடி பூச நிக்கல், மின்சாரம், கூலி எல்லாம் இரண்டு முறை. சொரசொரப்பான சாமான் கழுவும் தண்ணீருக்குள் அதிகக் கரைசலையும் இழுத்துப் போகும், அதைச் சுத்திகரிக்கும் செலவு தனி. இதெல்லாம் ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற ரேட்டில் தெரியாது.

இதில் பட்டறைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. ரேட்டை அடித்துப் பேசும் பெரிய கம்பெனிகள் பர்ச்சேஸ் ஆர்டரில் பாலீஷுக்குத் தனி வரி போட்டு, தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். பட்டறையும் 267 மில்லி ஹல் செல்லில் பளபள தகட்டுக்குப் பதிலாக, ஜாப் இருக்கும் அதே எமரி சொரசொரப்பில் ஒரு தகட்டைப் போட்டுப் பார்க்கலாம். பத்து நிமிஷ வேலை.